வடம் பிடித்த லேண்ட்மாஸ்டர்

மகள் முருகேஸ்வரிக்கு நிச்சயம் முடிந்த சாயங்காலம், சம்பந்தி வீட்டாரை பஸ் ஏற்றிவிட ஐயாத்துரை தம் லேண்ட்மாஸ்டர் காரை எடுத்தார். அவருடைய அப்பா வாங்கிய கார். திருச்சுழிப் பக்கத்துக் கரிசக்காட்டில் கார் என்றால் அது ஒன்றுதான் என்றிருந்த காலத்து வண்டி. அன்றைக்குப் பார்த்து அது கிளம்ப மறுத்தது. சோக்கை இழுத்தார்கள்; கார்புரேட்டரை அவிழ்த்து ஊதினார்கள்; கடைசியில் விருதுநகர்ச் சம்பந்தி பால்ச்சாமியே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். வண்டி ஒரு வெடி வெடித்து, அவர் வேட்டியில் கரியை அப்பிவிட்டுக் கிளம்பியது.

"சம்பந்தி, மாப்பிள்ளை அழைப்புக்கும் நாங்கதான் தள்ளணும்னா முன்கூட்டியே சொல்லிருங்க. அதுக்குத் தக்கன அழுக்கு வேட்டி கட்டிக்கிட்டு வாரோம்" என்றார் பால்ச்சாமி.

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாத்துரை சிரிக்கவில்லை. கல்யாணத்தன்று அந்தக் காரில் ஒருத்தன் கை பட்டாலும் தாம் மீசை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று முடிவு செய்தார்.

அவருடைய அக்கா மகன் ராம்குமார் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "பேசாம வேற காரு வாங்கிருங்க மாமா" என்றான்.

"ஏண்டா, ஒங்க தாத்தாவுக்கு இருமல் வந்தப்ப வேற தாத்தாவா வாங்குனோம்?"

ராம்குமார் சாமான்களோடு வந்து இறங்கினான். எங்கோ அடிபட்டுக் கிடந்த வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியவை. கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டர்களை வைத்தான். பெட்ரோல் டேங்கில் கரண்டு பம்பு மாட்டினான். டாஷ்போர்டுக்கு அடியில் வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரைத் திருகினான். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதை இனி அதுதான் தீர்மானிக்கும் என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?" என்றார் ஐயாத்துரை.

ஆனால் சாவியைத் தொட்டதும் கார் பூனை மாதிரி கிளம்பியபோது அவர் மனசு குளிர்ந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க மாமா. முன்னயெல்லாம் பாட்டரி செத்தாலும் தள்ளிவிட்டா ஓடும். இதுல பம்பு, கம்ப்யூட்டரு எல்லாத்துக்கும் கரண்டு வேணும். பாட்டரி போச்சுன்னா மதுரை வரைக்கும் தள்ளுனாலும் கிளம்பாது."

"இனிமே இத எவன்டா தள்ளப் போறான்?" என்றார் மாமா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அலங்கரித்த காரைக் காலையிலேயே பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினார். மாப்பிள்ளையை அங்கிருந்துதான் மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் உள்ளே உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினார். பின்னாலிருந்து பம்பு 'ஊம்' என்று இரைந்தது.

"கேட்டீகளா?"

"கேக்குதுண்ணே. பசிச்ச வயிறு எரையுற மாதிரில்ல இருக்கு" என்றாள் சித்தி மகள் குருவம்மாள்.

அவளுக்கு ஹெட்லைட்டையும் போட்டுக் காட்டினார். போட்டது போட்டபடி பந்திக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளை இன்பராஜ் மாலையோடு ஏறி உட்கார்ந்தான். நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஐயாத்துரை சாவியைத் திருப்பினார்.

"அடேயப்பா! ஓடுற சத்தமே தெரியலையே சம்பந்தி" என்று பால்ச்சாமி வியந்தார்.

"ஓடல மாமா" என்று ராம்குமார் காதருகில் சொன்னான். "லைட்டு எரிஞ்சு பாட்டரி செத்துப்போச்சு. வேற பாட்டரிக்கு அருப்புக்கோட்டைக்குத்தான் போகணும். அதுவரைக்கும் வாடகை வேன்ல..."

"எம் மருமகன் வாடகை வேன்லயா?"

ராம்குமார் மொபெட்டில் பறந்தான். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பால்ச்சாமி பானெட்டைப் பார்த்தார், பிறகு தம் வேட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஐயாத்துரையால் தாங்க முடியவில்லை. நிதானமாக இறங்கினார். தோள் துண்டை இடுப்பில் கட்டினார்.

"தேர்க் கொட்டகையில இருக்கிற வடத்தைக் கொண்டாங்கப்பா. எங்க வம்சத்துல மாப்பிள்ளைய இன்ஜின் இழுக்கிறதில்ல. பங்காளிக வடம் பிடிச்சுத்தான் இழுப்போம்."

"எப்பருந்துண்ணே?" என்று பங்காளி காளிராஜ் வாயைத் திறந்தார். ஐயாத்துரை பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது.

வடம் வந்தது. ஒரு ஆளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு ஐயாத்துரை முன்னால் நடந்தார், பங்காளிகள் இழுத்தார்கள். தெருவே கூடி நின்று குலவையிட்டது. பால்ச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க பக்கம் இப்படியொரு மரியாதைய யாரும் செய்றதில்ல சம்பந்தி" என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமும் ஒரு கை பிடித்தார்.

பாதி வழியில் ராம்குமார் மூச்சிரைக்க வந்தான். "மாமா! பாட்டரி கெடச்சிருச்சு!"

"ரேடியோ செட்டுக்காரருக்கா? மண்டபத்துல கொண்டுபோய் எறக்குப்பா" என்றார் மாமா, திரும்பிப் பாராமல்.

ஐப்பசியில் காளிராஜ் பாக்கு வெற்றிலையோடு வந்தார். அவர் மகளுக்கும் கல்யாணம்.

"காரு வேணும்ண்ணே. வடமும் எடுத்துறலாம். மாப்பிள்ளை வீட்டுல காதுல விழுந்து இப்பயே கேக்குறாக. நாமளும் அதே வம்சந்தான? மூத்தவுக, நீங்கதான் முன்னாடி பிடிக்கணும்."

கார் வாசலில் நின்றது. புது பாட்டரி. சாவியைத் தொட்டால் போதும். ஐயாத்துரை காரைப் பார்த்தார், பங்காளியைப் பார்த்தார்.

"மண்டபம் எங்க?"

"பக்கந்தாண்ணே. நடுவுல ஓடைப் பாலம் மட்டும் கொஞ்சம் ஏத்தம்."

"ஏத்தம் என்னப்பா ஏத்தம்?" என்றார் ஐயாத்துரை, முழங்காலைத் தடவியபடி. "காலங்காலமா நாம இழுக்காததா?"