பாசி பிடிக்கிற பில்லை

எனக்குச் சொல்பேச்சு கேட்கிற பழக்கம் கிடையாது. "அந்தப் பில்லைக்கு கிளேஸ் வேணாம் விருத்தாம்பா, வெறுமன சுட்டா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி குருமூர்த்தி வேப்பூருக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும், உள்ளங்கை அகலமுள்ள அந்த இருநூறு பில்லைகளையும் கிளேஸ் கரைசலில் முக்கியெடுத்துச் சூளைக்கு அனுப்பிவிட்டேன்.

விருத்தாசலம் பீங்கான் யூனிட்டுகளில் இருபத்தாறு வருஷமாக முக்கி எடுக்கிற வேலைதான் எனக்கு. கரண்ட் பீஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை, எது வந்தாலும் முக்கு. முக்கிச் சுட்டால்தான் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். முக்காத பீங்கான் தண்ணீர் குடிக்கும், அழுக்கேறும், பாசி பிடிக்கும். இதுவோ கடலுக்குள் போகிற பில்லையாம். ஆர்டர் கொடுத்தது சின்னப் பெண், விவரம் தெரியாமல் கேட்டிருக்கிறாள், நாமாவது நல்லபடியாகச் செய்து கொடுப்போம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் மஹதி. சன்னதித் தெரு வாத்தியார் வீட்டுப் பெண், தூத்துக்குடியில் பவளப்பாறை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மார்ச் மாதம் பில்லைகளை எடுத்துப்போக வந்தவள், ஒன்றை எடுத்து விரலால் தடவினாள். விரல் வழுக்கியது. திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அப்படியே கோணிமேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலாம்.

"அக்கா, இதுல பாசி பிடிக்காதே."

"புடிக்கக் கூடாதுன்னுதாம்மா முக்குனேன்."

"பிடிக்கணும்க்கா. கல்லு மாதிரி படியற ஒரு செவப்புப் பாசி இருக்கு. அது இருந்தாத்தான் பவளக் குஞ்சு வந்து உட்காரும்."

அப்போதுதான் விஷயம் முழுதும் சொன்னாள். தூத்துக்குடிக் கடலில் சூடு தாங்காமல் பவளப்பாறை செத்துப்போன இடத்தில் புதுக் குஞ்சுகள் வருமா என்று பார்க்கத்தான் அவள் பில்லை போடுகிறாள். பவளம் வருஷத்தில் ஒரே தடவை, சித்திரை வாக்கில் வரும் பௌர்ணமியை ஒட்டி முட்டை விடுமாம். அதற்கு ஒரு மாதம் முந்தியே பில்லை கடலில் கிடந்தால்தான் பாசி படியும்.

"அடுத்த வருஷம் போடக் கூடாதா?"

"இந்த வருஷத்தோட என்னோட ஆராய்ச்சி டைம் முடியுதுக்கா. போட்டா இப்ப போடணும். இல்லன்னா இத்தன வருஷம் பண்ணதும் வீண்தான்."

புதிதாக அச்சடித்து, காயவைத்து, சுட்டெடுக்க மூன்று வாரம் ஆகும். சூளையோ பீஸ் கட்டைக்கு ஒதுக்கியாகிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல வேண்டாம்.

"தேய்ச்சுக் குடுத்துர்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஐந்து நாள், வேலை முடிந்து ஐந்து மணியிலிருந்து இருட்டும்வரை, தண்ணீர் விட்டு அரைக்கிற சக்கரத்தில் ஒவ்வொரு பில்லையாக மேல்முகத்தைத் தேய்த்தேன். சுடும்போது இறுகிய கிளேஸ் லேசில் போகிற சாமான் இல்லை. மஹதி பக்கத்தில் உட்கார்ந்து கழுவிக் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஆளில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"குஞ்சுன்னா, அது உசிரா, செடியா?"

"உசிருதான். கடுகளவு கூட இருக்காது. ஒடம்புக்குள்ள வேற ஒரு நுண்ணுயிர்ப் பாசி குடியிருக்கும், அது வெயில்ல சமைச்சுப் போடும், இது சாப்பிடும். கொஞ்ச நாள் நீந்தி எடம் தேடும். ஒரு எடத்துல உட்கார்ந்துட்டா, அடியில சுண்ணாம்பு கட்டிக்கிட்டு அங்கயே இருந்துடும். அப்புறம் எழுந்திருக்கவே முடியாது."

"என்ன மாதிரின்னு சொல்லு. கட்டிக்குடுத்த எடத்துல கல்லு மாதிரி கெடக்குறேன்."

அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்.

"சூடு தாங்காதுன்னியே, எவ்ளோ சூடு?"

"வழக்கத்தவிட ரெண்டு டிகிரி ஏறி நாலஞ்சு வாரம் நின்னா போதும். உள்ள இருக்கற பாசிய வெளிய தள்ளிடும். வெளுத்து, அப்படியே பட்டினி கெடந்து செத்துடும்."

ரெண்டு டிகிரி. எங்கள் சூளையில் ஐம்பது ஏறி இறங்கினால்கூட யாரும் எழுந்துபோய்ப் பார்க்கமாட்டார்கள். அந்தக் கடுகளவு ஜீவன்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

ஐந்தாம் நாள் பில்லைகள் தூத்துக்குடி ரயிலேறின. அதோடு என் வலது தோளும் போனது. தலைவாரக் கை தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துத் தேய்த்து மே, ஜூன் போனது. படுக்கும்போதெல்லாம், வந்து உட்கார்ந்திருக்குமா என்று ஒரு நினைப்பு வரும். உட்காரவில்லை என்றால் அந்தப் பெண்ணின் படிப்பை நான்தான் கெடுத்தேன்.

டிசம்பரில் மஹதி வந்தாள். நேராக என் கிளேஸ் தொட்டியருகே வந்து, துணியில் சுற்றிய ஒரு பில்லையைக் கையில் கொடுத்தாள். நான் தேய்த்த முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். சேறு படிந்த கறை. வேறொன்றும் இல்லை.

"வரலியா?"

"திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக, ஊசி முனையால் கோலப்புள்ளி வைத்ததுபோலப் பொட்டுகள். பதினேழு என்றாள்.

"மேல சேறு படிஞ்சிடுதுக்கா, மீனும் மேஞ்சிடுது. அதனால எல்லாம் அடியிலதான் உட்கார்ந்திருக்கு. எடுத்த எல்லாப் பில்லையும் இப்படித்தான்."

சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று, முக்கியதும் அடியை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவோம். அங்கே கிளேஸே கிடையாது. நான் அதைத் தேய்க்கவே இல்லை.

"அப்ப அஞ்சு நாளு நான் தேய்ச்சது?"

அவ்வளவும் வீண். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது? சொல்பேச்சு கேட்காதவள் நான்தான். கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது.

"இதுங்க உசிரோட இருக்குதா?"

"இல்லக்கா. மேல எடுத்தாத்தான் எண்ண முடியும். எடுத்தா செத்துடும். இது ஓடு மட்டும்தான். இருபது பில்லை எடுத்தோம், கணக்குக்கு அது போதும். என் படிப்பு முடிஞ்சுது."

"மிச்சம்?"

"நூத்தியெண்பதும் கடல்லதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் எடுத்தா நல்லதுங்கறாங்க எங்க சார்."

பில்லையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். தோள் விண்ணென்று தெறித்தது.

"ஒங்க சார் கிட்ட சொல்லு, போதும்னு. எங்கங்கயோ அலைஞ்சு வந்து ஒக்காந்துருக்குதுங்க. ஒக்காந்துருக்கட்டும் வுடு."