பிரீ ஆம்புக்குப் பெரிய பங்கு

பனியன் கம்பெனி முதலாளி சலாவுதீன் பாட்டுக் கேட்க ஒரு வால்வு ஆம்பிளிபயர் செட்டு செய்யச் சொன்னார்.

"பிரீ ஆம்பு பாட்டைச் சுத்தமாக்கும், பவர் ஆம்பு சத்தத்தைக் கூட்டும். எதுல பணத்தை அதிகமாப் போடட்டுங்க?" என்று கேட்டார் ரேடியோ மெக்கானிக்.

மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட சலாவுதீன், "சத்தம் எந்தக் கழுதைக்கு வேணும்? சுத்தம்தான் வேணும்" என்று பிரீ ஆம்புக்கே பெரிய பங்கை ஒதுக்கினார்.

செட்டு கம்பெனிக்கு மேலேயே இருந்த மாடி வீட்டுக்கு வந்தது. கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ராப்பகலாக ஓடின. பாட்டில் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை.

"ஏனுங்க, செத்த நேரம் மிஷினை நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி குல்சார் பேகம்.

"ஆர்டரை உங்க அத்தாவா வந்து முடிச்சுக் குடுப்பாரு?" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் மிஷின்கள் தானாகவே நின்றன. சலாவுதீன் ஓடிப்போய் செட்டின் குமிழைத் திருகினார். மறுபடியும் திருகினார்.

"கரண்டு போனாத்தானுங்க நம்ம மிஷின் நிக்கும்" என்றாள் குல்சார் பேகம்.