ஆஸ்திரியாவைத் தோற்கடித்த கோதண்டராமன்

வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்ததால்தான் கோதண்டராமன் பனிச்சறுக்கு வீரர் ஆனார். இல்லையென்றால் அவர் பாட்டுக்கு மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டில் இறங்கி, வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

அந்தக் கம்பெனி ஃபிரிஜ் கதவுக்கு ரப்பர் பட்டை செய்தது. முதலாளி தாண்டவராயன். ஃபிரிஜ்ஜுக்கும் பனிக்கும் சம்பந்தம் உண்டு என்று டெல்லியில் யாரோ எடுத்துச் சொல்ல, அகில பாரத பனி விளையாட்டுக் கழகத்துக்கு நன்கொடை கொடுத்து அதன் உபதலைவர்களில் ஒருவராகியிருந்தார். உபதலைவர்கள் ஒன்பது பேர். விளையாடுகிறவர்கள் அதைவிடக் குறைவு.

1991 பிப்ரவரியில் ஐரோப்பாவின் மலை ஊர் ஒன்றில் பன்னாட்டுப் போட்டி. உபதலைவர் என்ற முறையில் தாண்டவராயனுக்கும் டிக்கெட் வந்தது. நீலக் கோட்டு தைத்து, மார்பில் கழகத்தின் முத்திரையும் ஒட்டியாயிற்று. அதற்குள் டி.வி. செய்தியில் ஏவுகணைகள் பறப்பதைப் பார்த்துவிட்டார். மறுநாளே பர்சனல் ஆபீசர் கோதண்டராமனைக் கூப்பிட்டார்.

"கோதண்டம், நீ போய்ட்டு வா."

"எங்க சார்?"

"ஃபாரின். எனக்கு பி.பி. கீது. மேல ராக்கெட்டு போறப்ப நம்மளால பிளேன்ல உட்காந்துனு இருக்க முடியாது. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

கோதண்டராமனுக்கு பி.பி.யும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நாற்பது வயதில் அது ஒன்றுதான் அவருடைய சொத்து. கம்பெனியில் அவர் பெயர் பெற்றிருந்தது லீவு கொடுக்காததற்கு. தம்பி கல்யாணம் என்று லீவு கேட்டவனிடம், "கல்யாணம் தம்பிக்குத்தானே, நீ எதுக்கு?" என்று கேட்டவர் அவர்.

"நான் அங்க இன்னா சார் பண்றது?"

"உதவி மேனேஜர். ஓடறவன் ஓடுவான். நீ கைதட்டிட்டு வா."

முதலாளி வயிற்றுக்குத் தைத்த கோட்டு கோதண்டராமன் மீது ஏறியது. உள்ளே இன்னொருவருக்கு இடம் இருந்தது. அவர் மனைவி கனகம் பொத்தானைத் தள்ளித் தைத்துக்கொண்டே, "மார்கழி பனிக்கே மப்ளர் கட்டிக்கினு வாசப்பக்கம் வராத ஆளு நீங்க. உங்களப் போய் அனுப்பறாரே," என்றாள்.

டெல்லியில் அணி கூடியது. பதினான்கு பேர். அதில் வீரர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் தலைவர், உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர், கணக்குப் பார்ப்பவர், இரண்டு மனைவிமார். விமான நிலையத்தில் தலைவருடைய மருமகன் பெட்டியோடு வந்து நின்றபோது கணக்கு இடித்தது. அவரைப் பனி ஆலோசகர் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஆலோசகர் இல்லாமல் போக முடியாது. ஆகவே ஒருவர் இறங்க வேண்டும். மனைவிமாரை இறக்க முடியாது. பகத்ராமை இறக்கினார்கள்.

பகத்ராம் மலைநாட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். குளிர்காலத்தில் டூரிஸ்டுகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர். நாட்டிலேயே நன்றாகச் சறுக்குபவர் அவர்தான் என்பதில் கழகத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. "அடுத்த விமானத்தில் கண்டிப்பாக அனுப்புகிறோம்," என்றார் செயலாளர். பகத்ராம் அதை நம்பி, தன் நீளமான சறுக்குப் பலகைகளையும் பூட்ஸையும் முன்னால் அனுப்பிவிட்டார். கூட்டத்தில் சின்ன உத்தியோகக்காரர் என்பதால் அவற்றைத் தூக்கும் வேலை கோதண்டராமனுக்கு வந்தது.

அடுத்த விமானத்தில் யாரும் வரவில்லை. மிச்சமிருந்த ஒரு வீரர் முதல் நாள் பயிற்சியிலேயே முழங்காலைத் திருகிக்கொண்டு படுத்தார். போட்டி நடத்துகிறவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: ஒருவராவது களத்தில் இறங்காத நாட்டுக்கு இலவச அறையும் சாப்பாடும் கிடையாது. அன்று மத்தியானம் செயலாளர் அறையில் அவசரக் கூட்டம் நடந்தது. நாட்டின் மானத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேசி முடித்து எல்லோரும் கோதண்டராமனைப் பார்த்தார்கள். பகத்ராமுடைய பூட்ஸ் அவருக்குத்தான் பொருந்தியது.

"சார், எனக்கு உடம்பு சரியில்ல. லீவு வேணும்," என்றார் கோதண்டராமன்.

"மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கிறதா?" என்று கேட்டார் செயலாளர்.

எத்தனையோ பேரிடம் கோதண்டராமன் கேட்ட கேள்வி அது. பதில் சொல்ல முடியாத கேள்வி என்பது அப்போதுதான் தெரிந்தது.

செயலாளர் போய் வீரர் பட்டியலில் பகத்ராமை எடுத்துவிட்டுக் கோதண்டராமனைச் சேர்த்துவிட்டு வந்தார். பெயர் மாற்றுவதில் மட்டும் கழகத்துக்கு நல்ல பயிற்சி இருந்தது.

மறுநாள் மலை உச்சியில் நின்றபோது கோதண்டராமனுக்குக் கீழே இருந்த ஜனங்கள் அரிசியைக் கொட்டினாற்போலத் தெரிந்தார்கள். சரிவு முழுக்க இரண்டிரண்டாகக் கொடிக்கம்புகள் நட்டிருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே புகுந்து கீழே போக வேண்டும், ஒன்றை விட்டாலும் கணக்கில் சேராது. முன்னால் போனவர்கள் எல்லாம் வில்லிலிருந்து விட்டதுபோலப் போனார்கள். சிலர் கொடியைத் தவறவிட்டு வலைக்குள் போய் விழுந்தார்கள்.

இவர் முறை வந்தது. புறப்படச் சொல்லி மணி அடித்தது. இவர் நின்றார். மறுபடி அடித்தது. பின்னால் இருந்த அதிகாரி அன்பாக முதுகைத் தொட்டார். அது போதுமானதாக இருந்தது.

முதல் கொடிவரை உட்கார்ந்துகொண்டே போனார். அங்கே கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு நாற்று நடும் வயலில் இறங்கியவர் வரப்பைத் தேடுவதுபோல, பலகைகளைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் ஓரோர் அடியாக இறங்கினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஆனால் ஒரு கொடியையும் விடவில்லை. விட்டால் மறுபடி மேலே ஏறச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மூக்கிலிருந்து ஒழுகியது, கண்ணிலிருந்தும் ஒழுகியது. துடைக்கக் கை இல்லை. கீழே ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் கைதட்ட ஆரம்பித்தார்கள். கைதட்டி அலுத்துப்போய்ச் சிலர் காபி குடித்துவிட்டு வந்தும் தட்டினார்கள்.

கடைசிச் சரிவில் மட்டும் ஒன்று நடந்தது. பலகைகள் தாமாகவே நேரே திரும்பி வழுக்கின. காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம்தான். கோதண்டராமன் விழவில்லை. பயமும் இல்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி வைக்கோல் மூட்டையில் மோதி நின்றபோது ஒரு கிழவர் வந்து கம்பளியைப் போர்த்திவிட்டுச் சூடாக எதையோ குடிக்கக் கொடுத்தார். கோதண்டராமன் அழுதார். அணியின் மற்றவர்கள் அப்போது கடைத்தெருவில் சுவெட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே வந்து சேர்ந்தவர்களில் அவர்தான் கடைசி. அவருக்கு முந்தினவர் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் பத்தொன்பது பேர் கொடியைத் தவறவிட்டு வந்துசேராதவர் பட்டியலில் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஆஸ்திரியாக்காரர்கள்.

செயலாளர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதினார்: ‘ஆஸ்திரியா உள்ளிட்ட நாடுகளின் பத்தொன்பது வீரர்களைப் பின்னுக்குத் தள்ளினார் இந்தியாவின் கோதண்டராமன்.’ அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

ஊர் திரும்பியதும் கோதண்டராமன் கனகத்திடம் உண்மையைச் சொன்னார். "கடைசியா வந்தேன்."

"விழாம வந்தீங்களா?"

"விழுந்து விழுந்துதான் வந்தேன்."

"கை காலு நல்லாதான கீது. சாப்புடுங்க," என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தப் பலகைக்காரரு இன்னா ஆனாரு?" என்று கேட்டாள். கோதண்டராமனுக்குத் தெரியவில்லை. பலகைகளை டெல்லியில் கழகத்தாரிடம் கொடுக்கப் போனபோது, "நீயே வைத்திரு, அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் துணிப் பதாகை கட்டியிருந்தது. ‘ஆஸ்திரியாவைத் தோற்கடித்த மணிமங்கலத்து மைந்தனே வருக!’ அதில் கோதண்டராமன் படத்தைவிடத் தாண்டவராயன் படம் பெரிது. கம்பெனி ஷெட்டில் பாராட்டு விழா. ஆளுக்கொரு லட்டு, அரை நாள் விடுமுறை. அந்த அரை நாளை ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும் என்ற நோட்டீஸும் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அதில் கோதண்டராமன் கையெழுத்து.

தாண்டவராயன் பேசினார். ரப்பர் பட்டை குளிரை எப்படி உள்ளேயே பிடித்து வைக்கிறதோ, அதுபோல் நம் கம்பெனி ஆட்கள் குளிரை வெல்வார்கள் என்றார். கைதட்டல் அடங்கியதும் பிரஸ் மெஷினில் வேலை செய்யும் யாக்கோபு எழுந்தார். யூனியன்காரர்.

"சார், ஒரு டவுட்டு. கீழ வந்து சேந்தவங்கள்ல நீங்க எத்தினாவது?"

கோதண்டராமன் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. முதலாளியின் கை அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், யாக்கோபு," என்றார் தாண்டவராயன்.

யாக்கோபு தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து லட்டைத் தின்றார். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோதண்டராமனுக்குக் காது சுட்டது.

பலகைகளைத் தாண்டவராயன் வாங்கி, ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினார். கீழே இங்கிலீஷில் பித்தளைத் தகடு: ‘ஆஸ்திரியாவை வென்ற பலகைகள்.’ சரக்கு வாங்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோதண்டராமனுக்கு ஒரு இன்கிரிமென்ட் கிடைத்தது. பள்ளிக்கூட விழா ஒன்றில் கொடியசைக்கவும் போனார். பேசப் பேச, விழாமல் வழுக்கி வந்த அந்தக் கடைசிச் சரிவு அவர் வாயில் நீண்டுகொண்டே போயிற்று.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாளில் வாட்ச்மேன் வந்து, "சார், வடக்கத்தி ஆளு ஒருத்தரு. உங்களத்தான் கேக்கறாரு," என்றான். ரிசப்ஷனில் பகத்ராம் நின்றிருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. டெல்லியில் போய்க் கேட்டிருக்கிறார். பலகை மெட்ராஸ் பக்கம் போய்விட்டது என்றார்களாம். சீசன் முழுக்க இரவல் பலகை வாங்கித்தான் பிழைப்பை ஓட்டினாராம். ரயிலில் வந்து, பஸ் பிடித்து, விசாரித்து வந்து சேர்ந்திருக்கிறார்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ். பகத்ராம் தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். கோபப்படுவார் என்று கோதண்டராமன் காத்திருந்தார்.

"உண்மையாகவா?" என்று கேட்டார் பகத்ராம்.

"இல்லை. நான் கடைசி. உட்கார்ந்துகொண்டு இறங்கினேன்."

பகத்ராம் சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. கோதண்டராமனும் சிரித்துவிட்டார்.

முதலாளி அன்று ஊரில் இல்லை. கோதண்டராமன் பகத்ராமைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய்ச் சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்தார். யாக்கோபும் நாலைந்து பேரும் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். "இவருதான் நெஜ ஆளா? எப்டி ஓடுவாருன்னு கேளுங்க சார்," என்றார் யாக்கோபு.

பகத்ராம் கையைக் கழுவிவிட்டு வந்து, பெஞ்சுகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றார். கண்ணை மூடினார். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, எழுந்தது, மறுபக்கம் சாய்ந்தது. கால் நகரவே இல்லை. ஆனாலும் ஆள் எங்கேயோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் திறந்தபோது யாரும் கைதட்டவில்லை; தட்டத் தோன்றவில்லை. கோதண்டராமன் எழுந்தார். நேரே ரிசப்ஷனுக்குப் போய், ஸ்க்ரூ டிரைவரால் கண்ணாடியைக் கழற்றிப் பலகைகளை எடுத்தார்.

மெட்ராஸ் பஸ் வந்ததும் கண்டக்டர் பலகைகளைப் பார்த்து, "இன்னாது இது? கட்டுமரமா?" என்றான்.

"பனியில போறது," என்றார் கோதண்டராமன்.

"எதுல போனா இன்னா. லக்கேஜ் டிக்கெட் எடு," என்றான் கண்டக்டர். பகத்ராம் கூரையில் ஏறித் தாமே கட்டினார். இறங்கி வந்து கோதண்டராமன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் தாண்டவராயன் காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எங்கய்யா பலகை?"

"சொந்தக்காரரு வந்தாரு சார். குடுத்துட்டேன்."

திட்டு விழும், வேலை போனாலும் போகும் என்று கோதண்டராமன் நின்றார். தாண்டவராயன் சற்று யோசித்தார். "தகட்ட எடுக்கல இல்ல?" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப சரி. பேக்கிங் பெட்டி செய்யற ஆச்சாரிய வரச்சொல்லு."

ஆச்சாரி பேக்கிங் பலகையில் இரண்டு நீளத் துண்டு வெட்டி, முனையை வளைக்கத் தெரியாமல் அப்படியே சிவப்புச் சாயம் பூசிக் கொடுத்தார். சரக்கு வாங்க வருகிறவர்கள் அதன் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இன்கிரிமென்ட் மட்டும் அடுத்த தடவை வரவில்லை. பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டால் கோதண்டராமன் போகாமல் இருந்தார். யாராவது கேட்டால், கடைசியாக வந்தேன் என்று சொன்னார். அடக்கமான மனுஷன் என்று ஊரில் பேர் ஆயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் வேறொரு நாட்டில் போட்டி. சண்டை முடிந்திருந்ததால் தாண்டவராயனே போனார். இந்த முறை அறைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த மாதிரி விதி எதுவும் இல்லை. பதினாறு பேர் போனார்கள். வீரர் என்று ஒருவரையும் அழைத்துப்போகவில்லை. திரும்பி வந்ததும் கழகம் விட்ட அறிக்கை தமிழ்ப் பேப்பரில் வந்தது. யாக்கோபு அதைக் கேன்டீனில் சத்தமாக வாசித்தார்:

"‘இந்திய அணி ஒரு போட்டியில்கூடத் தோல்வி காணாமல் தாயகம் திரும்பியது.’"

கோதண்டராமன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "யாக்கோபு, உங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தீங்களே," என்றார். "போய்ட்டு வாங்க."