முன்பல்லில் ரத்தம்

என் வீட்டுக்காரர் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறவர். ஊதும்போது அதன் முனை மேல்வரிசை முன்பற்களில்தான் அழுந்தி நிற்கும். ஈறு நோயில் அதில் ஒன்று விழுந்தபோது, தாடை எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் கட்டினார்கள். இனி சிகரெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் அன்றே கறாராகச் சொன்னார். இவரும் விட்டுவிட்டதாகச் சொன்னார். கல்யாணமான நாள் முதல் வருஷா வருஷம் விடுகிறவரை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

சட்டையைத் துவைக்கப் போடும் சாக்கில் முகர்ந்து பார்ப்பேன். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவோரம் போய் நிற்பேன். புகை வாடையே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. மனுஷன் பலே கைகாரராகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவருடைய தலையணை உறையில் ரத்தக் கறை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், செயற்கைப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. கையும் களவுமாகப் பிடித்த திருப்தியில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கிறார் டாக்டர். நீங்களே கேளுங்க."

டாக்டர் பற்களின் பின்பக்கம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கறையே இல்லையேம்மா. சர்க்கரை இருக்கா?"

"இல்லை. போன மாசம்தான் பார்த்தோம்."

டாக்டர் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துத் தேய்த்துக் காட்டச் சொன்னார். இவர் வாய் முழுக்கப் பொறுமையாகத் தேய்த்தார். அந்தப் பல்லை மட்டும் தாண்டிப் போனார்.

"அதை ஏன் விட்டுட்டீங்க?"

"ஆடிடுமோன்னு பயம் டாக்டர். கட்டினதிலேர்ந்து அதுல பிரஷ் பட விட்டதில்லை. இது போச்சுன்னா என் பிழைப்பே போச்சு."



டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏற்கனவே ஈறு நோய் வந்த வாய். அங்கே அழுக்கும் சேர்ந்து, சுத்தியிருக்கிற எலும்பு கரைஞ்சு போச்சு. திருகை எடுத்துத்தான் ஆகணும். ரத்தம் எப்போலேர்ந்து வருது?"

"ஒரு வருஷமா."

"அப்பவே வந்திருந்தா சுத்தம் பண்ணியே காப்பாத்தியிருக்கலாம். வீட்டுல கூடவா சொல்லலை?"

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொன்னா சிகரெட்டுன்னு சொல்லுவா டாக்டர்."