அவரால் முடியாதவை

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பெரும்பாலும் செயலிழந்து மூன்று வருடமாகியும் தெருவில் அவருக்கு ‘ஸ்டியரிங்’ என்றுதான் பெயர். ஊனமுற்றோருக்கான அரசு உதவித்தொகையிலும், துணி ஆலையில் இஸ்திரி போடும் மனைவியின் சம்பளத்திலும் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

சட்டை பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டே மனைவி சொன்னாள். “அங்க வந்து வீராப்பு காட்டாதீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போதும்.”

“நான் என்ன நாடகமா போடப் போறேன்?” என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் டாக்டர். கம்ப்யூட்டரிலிருந்து தலை நிமிர நேரமில்லாதவர்.

“இடது கையைத் தூக்குங்க ஐயா.”

தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளுக்கு மேலே. டாக்டர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

“பட்டன் போட முடியுதா?”

“போடுவேனே.”

“குளிக்கிறது?”

“நானேதான்.”

மனைவி வாயைத் திறக்கப்போனாள். கண்ணாலேயே அடக்கினார்.

“நல்ல முன்னேற்றம்” என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் யாரோ மெடல் குத்திவிட்டதுபோல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. ஊனம் முப்பத்தைந்து சதவீதம்தானாம். நாற்பதுக்குக் கீழே என்பதால் உதவி நிறுத்தப்படுகிறது.

“முன்னேறிட்டீங்களாம்” என்று சிரித்த மனைவி, சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

“எதைக் கேட்டாலும் முடியாது முடியாதுன்னு சொல்ல நான் என்ன பொணமா?” என்று அவர் கத்தினார்.

மறுநாளிலிருந்து அவள் இரண்டு ஷிப்ட் போனாள்.

பத்தாம் நாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். குழாய் மூடாமல் ஓடுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்துதான் தூக்கினாள். மனைவி வேலை முடிந்து வந்ததும் அவரே சொன்னார்.

“மேல்முறையீடு பண்ணு. ஆனா நான் பேச மாட்டேன். நீயே பேசிக்கோ.”

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட். நடுவில் இருந்த அம்மாள் தன்மையாகத்தான் கேட்டாள்.

“வீட்ல இவரால என்னென்ன செய்ய முடியல? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா.”

மனைவி ஆரம்பித்தாள். பட்டன், குளியல், செருப்பு மாட்டுவது, படுக்கையில் திரும்பிப் படுப்பது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

“அப்புறம்... கக்கூஸ் போனா...”

“சொல்லுங்கம்மா. பதிவாகணும்.”

“நான்தான் கழுவி விடறேன்.”

டைப்பிஸ்டின் விரல்கள் ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தன.

“தினமும் இல்ல” என்றார் அவர் திடீரென்று. “சில நாள் நானே...” அவர் தன் மடியில் கிடந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க. தினமும்தான்” என்றாள் மனைவி.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ஊனம் அறுபது சதவீதம். உதவி மறுபடி கிடைக்கும். மனைவி படித்துக் காட்டினாள்.

“அறுபதா?” என்றார். “அவ்வளவா போட்டிருக்காங்க?”

அவள் பழையபடி ஒரு ஷிப்டுக்குத் திரும்பினாள். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாள், தினமும் காலையில் செய்யும் கைப்பயிற்சியை அவர் விட்டுவிட்டார்.

“ஏங்க, ஏன் செய்யறதில்ல?”

“அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்கல்ல? கை நல்லாயிட்டா என்ன பண்றது?”

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட ஆரம்பித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒத்துழைக்கவும் இல்லை.