தங்கை தாண்டும் இரண்டடி

அவளைத் தெருவில் எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேடை நிகழ்ச்சிகளில் தரையில் ஓடும் ஒயர்கள் யார் காலையும் தட்டிவிடாதபடி காஃபர் டேப் ஒட்டுவது அவள் வேலை. பளபளக்காத கறுப்புத் துணி டேப். கையாலேயே கிழிக்கலாம், பிய்த்தெடுத்தால் தரையில் பிசின் தங்காது. பதினெட்டு வருஷமாகச் சுருளைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "இது தாங்கும், இது தாங்காது" என்று தீர்ப்புச் சொல்லி வந்தாள். எந்த மேனேஜரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அந்தப் பெருமையில் அவள் நடக்கிற நடைக்குத் தெருவே போதாது.

எட்டு மாதத்துக்கு முன்னால், அந்த விரல் "தாங்கும்" என்ற டேப் லைட் சூட்டில் ஓரம் கிளம்பியது. மேடைக்கு ஆட ஓடிவந்தவளின் கால் அதில் மாட்டியது. ஓடிவந்தவள் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கை. முழங்காலில் ஆபரேஷன். அதோடு அக்கா தங்கை பேச்சும் நின்றது.

டேப்பக்கா டேப் செய்தவனைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் கொதிக்கிற பாத்திரத்தை அவள் துணியில்லாமல் இறக்கிவைப்பதை எதிர்வீட்டு ஜன்னல் பார்த்திருக்கிறது. கிழித்துக் கிழித்தே விரல் மரத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒட்டுகிறதா வழுக்குகிறதா என்று அதற்கு ஒன்றும் தெரியாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மறுபடி ஆடுவதாக இருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் ஆட்டமே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிகழ்ச்சி நாலு மணிக்கு. மூன்றே கால் மணிக்கு வழக்கமான டேப் தீர்ந்துபோனது. டேப் ஒட்டாமல் மிச்சம் நின்ற ஒயர் இரண்டடிதான். அந்த இரண்டடியும் தங்கை நுழைகிற வழியிலேயே கிடந்தது.

மேனேஜர் வேலை பார்ப்பவர் தங்கையின் புருஷன். எங்கிருந்தோ புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாருங்கக்கா. உங்க விரல் சரின்னா சரி."

கிழித்தாள். நேராகக் கிழிந்தது. இழை நெருக்கமாக இருந்தது. வெளிச்சத்தில் மினுங்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நல்லதாகவே இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கல்லில் அழுத்திய மாதிரி இருந்தது. "தாங்கும்" என்கிற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மாப்ளே, உங்க விரலைக் கொஞ்சம் வைங்க."

"என் விரலா?"

"எடுக்கும்போது தோலை இழுக்குதா, சும்மா விட்டுடுதா?"

"ஒட்டுது. அதுக்கு மேல கேட்டா நான் எங்க போவேன்? நான் ஹால் புக் பண்றவன்க்கா."

ஏணிமேல் இருந்த லைட்காரர் சிரித்தார். "ரிட்டையர் ஆகி மாப்ளைக்கு வேலை போட்டுக் குடுத்துட்டீங்களா?"

"வாயை மூடிட்டு அந்த லைட்டை இதுமேல திருப்புங்க."

அந்த இரண்டடி ஒயர்மேல் புது டேப்பை ஒட்டினாள். இருபது நிமிஷம் சூடு ஏறட்டும் என்று விட்டாள். அந்த இருபது நிமிஷமும் அவள் குந்தியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பு நுனியால் தள்ளினாள். டேப் பாலாடை மாதிரி நகர்ந்தது. மற்ற சுருள்களும் அதே ரகம். ரப்பர் விரிப்புப் போட்டால் விளிம்பு தடுக்கும். மறுபக்கத்து வழியைக் காட்சிக்காக நிறுத்திய மரச்சுவர் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம்.

முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு தங்கை வந்தாள். புருஷனிடம், "வழி சரியா இருக்கான்னு அவங்களைக் கேளுங்க" என்றாள்.

"சரியா இல்ல" என்றாள் டேப்பக்கா. அதோடு நிறுத்த முடியவில்லை. "என் விரல் மரத்துப்போயி ஒரு வருஷமாச்சு. அன்னிக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

லைட்காரர் லைட்டை வேறு பக்கம் திருப்பினார்.

"இதைச் சொல்ல உனக்கு எட்டு மாசம்" என்றாள் தங்கை. "அதுவும் நாலு மணிக்கு ஆடறவகிட்ட, மூணே முக்காலுக்கு."

"இன்னிக்கு ஆட வேண்டாம்டி."

"ஆடாம? வீட்டுல உக்காந்து உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

டேப்பக்கா சபைக்குக் கை தெரியாதபடி கறுப்புத் துணி ஒன்றைத் தோள்வரை சுற்றிக்கொண்டாள். பக்கத்திரைக்குப் பின்னால் குப்புறப் படுத்தாள். இரண்டு கையையும் திரைக்கு அடியில் நீட்டினாள். உதவாத டேப்பின் அந்தக் கோடியில் ஒரு கை, இந்தக் கோடியில் ஒரு கை. உடம்புப் பாரம் முழுக்கக் கையில் இறங்கியது.

"மிதிச்சாலும் மிதிப்பேன்" என்றாள் தங்கை.

"மிதி. கையை மட்டும் எடுக்க மாட்டேன்."

நாலு தடவை தங்கை உள்ளே வரவேண்டும். மூன்று தடவை பாதம் காற்றை மட்டும் கிளப்பிவிட்டுப் போனது. டேப் உள்ளங்கைக்குக் கீழே வழுக்கி வழுக்கி நகரப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்து அதை இழுத்துப் பிடித்தாள். நாலாவது தடவை குதிகால் நேராக மணிக்கட்டில் இறங்கி, தேவைக்கு மேல் ஒரு நொடி நின்று, தாண்டியது. தெரியாமல் மிதித்ததா, தெரிந்தேதானா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கை நகரவில்லை என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டையில்லை.

கைதட்டல் அடங்கியபின் தங்கை வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் பத்திரமாக இருந்தது. அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"நாளைக்கு ரெண்டு ஷோ" என்றாள். "நல்ல டேப்பு எதுன்னு இனிமே யாரு பாத்துச் சொல்றது?"

டேப்பக்கா கிடந்தபடியே அந்த டேப்பில் ஒரு துண்டு கிழித்து, தங்கையின் கட்டைவிரலில் வைத்து அழுத்தினாள். "எடுக்கும்போது இழுக்குதா, சும்மா விட்டுடுதா?"