இங்கே ரவுட்டர் யாரு?

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பாதி வகுப்பில் வீட்டு இன்டர்நெட் இணைப்பு மறுபடியும் அறுந்துபோயிருந்தது. காது கேளாத மாணவர்களுக்காக, ஆசிரியர் பேசப் பேச அதைத் தட்டச்சு செய்து திரையின் அடியில் ஓடவிடுவதுதான் அவள் வேலை. இந்நேரம் அங்கே ஆசிரியர் வாயசைத்துக்கொண்டிருப்பார், கீழே வரி வெறுமையாகக் கிடக்கும், பிள்ளைகள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்மா," என்று மேற்பார்வையாளர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு தவம் கிடந்து கிடைத்த வேலை. அடுத்த வகுப்பு மதியம்.

வீட்டில் யாருக்கு என்ன கவலை? மாமியாருக்கு டிவி ஓடுகிறது. கணவனுக்கும் கொழுந்தனுக்கும் போனிலேயே டேட்டா இருக்கிறது. "உன் கை ராசி அப்படி," என்றார் மாமியார். "எதையாவது அமுக்கித் தொலச்சிருப்ப," என்றான் கணவன், லீவு நாள் சோம்பலோடு. முதல் தடவை அறுந்தபோதே அவள் மூன்று பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டாள்: "வீட்டுல புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" கொழுந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கணவன் முகத்துக்கு நேராகவே "இல்லை" என்றான்.

கடைசியில் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் பெண்ணைப் பிடித்தாள். அந்தப் பெண் போனில் சொல்லச் சொல்ல, இவள் லேப்டாப்பில் தெரிந்ததை வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"அக்கா, உங்க லேப்டாப்புல சர்வீஸ்னு ஒரு குட்டி புரோகிராம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. 'இங்க ரவுட்டர் யாரு?'ன்னு வீடு முழுக்கக் குரல் கொடுக்கும். ரவுட்டர் 'நான்தான், என் வழியா வெளிய போ'ன்னு பதில் சொல்லும். அப்பப்ப கேக்காமலே சொல்லும். இது அப்படியே நம்பிடும்."

"நம்பட்டுமே. அதுல என்ன?"

"உங்க வீட்டுல ரெண்டு பேர் பதில் சொல்றாங்களே! ரெண்டாவது ஆளு 'என்னைத்தான் முதல்ல பாக்கணும்'னு வேற சொல்றாரு. ஆனா அவர்கிட்ட வெளிய போக லைனே கிடையாது. உங்க லேப்டாப்பு பாவம், அவரை நம்பிப் போய்ச் சுவத்துல முட்டிக்குது."

இரண்டாவது ஆளா! அவள் கூடத்து ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் மஞ்சள் வயர் ஒன்று. அது அலமாரிக்குப் பின்னால் போய், சுவரோரமாக ஊர்ந்து, கொழுந்தன் அறைக்குள் நுழைந்தது. அழுக்குத் துணிக் குவியலை வாரி எறிந்தாள். அங்கே ஒரு பழைய ரவுட்டர் ஜம்மென்று உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அது சும்மாதான் கிடக்கு அண்ணி," என்றான் கொழுந்தன் கட்டிலில் படுத்தபடியே. "கேமுக்குன்னு வாங்கினேன். சரியா வரல, அப்படியே விட்டுட்டேன்."

"சும்மா கிடந்தா நான் ஏன் தம்பி நாயா பேயா அலையறேன்? வெளிய போக வக்கில்லாதது, நான்தான் பெரிய ஆளுன்னு வீடு பூரா தம்பட்டம் அடிச்சுக்கிட்டிருக்கு!"

"ஒரு டப்பாவுக்குப் போய் இந்தக் கூப்பாடா?" என்று மாமியார் வாசலில் வந்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கணவன்.

கொழுந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னை மட்டும் ஏன் திட்டறீங்க? அண்ணன்தான் வயரை இழுத்து மாட்டிக் கொடுத்தாரு. அவகிட்ட சொல்லாதடான்னும் அவருதான் சொன்னாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சொன்னா நீ சத்தம் போடுவேன்னுதான்..."

அடப்பாவி! இத்தனை நாளாக அவள் திட்டு வாங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன். கூடவே ஒரு பழியையும் போட்டவன். அந்த ரவுட்டராவது பரவாயில்லை, கேட்டதும் 'நான்தான்' என்றாவது சொன்னது. அவள் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

மதிய வகுப்புக்கு முன்னால் மேற்பார்வையாளர் திரையில் வந்தார். "இன்னிக்காவது ஒழுங்கா வருமாம்மா?"

"வரும் சார். ஒரு நிமிஷம்," என்றவள், பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணவனை உட்காரவைத்தாள். "இவர் என் வீட்டுக்காரர். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அவன் தொண்டையைக் கனைத்தான். "வணக்கம் சார். அது வந்து... வீட்டுல ஏதோ டெக்னிக்கல் பிரச்சினை..."

"ஏதோ இல்லங்க," என்றாள் அவள். "நான்தான்னு ஆரம்பிங்க."